மாஸ்டரின் இழுப்பும் சரிப்பட்டி பேண்டு செட்டும்

சரிப்பட்டிக்காரர்களிடம் எதைச் சொன்னாலும் முதலில் "சரி" என்பார்கள். பிறகு சொன்னதை அப்படியே செய்வார்கள். சொன்னதற்கு ஒரு துளி கூடவும் செய்ய மாட்டார்கள், குறையவும் செய்ய மாட்டார்கள். அதனால் பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் பேசும்போது வார்த்தையைப் பார்த்துத்தான் விடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாதே!

அந்த ஊரில் ஒரு பேண்டு செட் இருந்தது. ஞானாபரணம் மாஸ்டர் டிரம்பெட். பிச்சுமணி கிளாரினெட். லூர்துராசு சின்ன டிரம். தவசிமுத்து பெரிய டிரம். நாலு பேருக்கும் சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம். "சொன்னதைச் செய்வோம்" என்று டிரம்மில் எழுதியிருந்தார்கள். அது விளம்பரம் இல்லை, எச்சரிக்கை என்பது அழைத்தவர்களுக்குப் பிறகுதான் விளங்கும். ஒருமுறை காதுகுத்து வீட்டில் யாரோ உற்சாகத்தில், "அடிச்சு நொறுக்குங்கப்பா!" என்று கத்திவிட்டார். தவசிமுத்து அடித்து நொறுக்கினான். வாடகை நாற்காலிகளும் டியூப் லைட்டும் போயின. அவன்மேல் யாராலும் குற்றம் சொல்ல முடியவில்லை.

தவசிமுத்து ஆள் பனைமரம் போல இருப்பான். ஆனால் தாளம் மட்டும் அவனுக்குத் தானாக வராது. டிரம்பெட் ஊதும்போது மாஸ்டரின் தோள் ஏறும், இறங்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிப்பான். தோள் ஏறினால் ஒரு அடி, இறங்கினால் ஒரு அடி. மாஸ்டர் இல்லாத உலகத்தில் தன் டிரம்முக்கு வேலையே இல்லை என்று மனதார நம்பினான். அது உண்மையும்தான்.

அரிசி ஆலை சேர்மக்கனி வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒத்திகை பார்த்தபோதுதான் வினை ஆரம்பித்தது.

மாஸ்டர் டிரம்பெட்டைக் கீழே வைத்தார். ஆனால் இசை நிற்கவில்லை. "ஙீ...ய்ய்... ஙீ...ய்ய்..." என்று மெல்லிய விசில் சத்தம் அவரிடமிருந்து வந்துகொண்டே இருந்தது.

"மாஸ்டர் புதுப் பாட்டு எடுக்காரு" என்றான் பிச்சுமணி பயபக்தியோடு. அதே சுருதியில் கிளாரினெட்டைச் சேர்த்தான். லூர்துராசு உருட்டினான். மாஸ்டரின் தோள் இரண்டும் குதியாய்க் குதித்ததால் தவசிமுத்துவும் அதே வேகத்தில் வெளுத்து வாங்கினான். மாஸ்டர் கையை ஆட்டினார். இன்னும் வேகமாக அடித்தார்கள். கண்ணை உருட்டினார். "என்ன பாவம், என்ன பாவம்!" என்று அந்த முகபாவத்தை வியந்தார்கள். கடைசியில் அவர் பெரிய டிரம்மின் மேலேயே கவிழ்ந்து விழுந்தார்.

"பாட்டு முடிஞ்சிட்டு" என்றான் லூர்துராசு.

"மெட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாணத்துக்குச் சோகமால்ல இருக்கு" என்றான் பிச்சுமணி.

தவசிமுத்துதான் குனிந்து மாஸ்டரின் முகத்தைப் பார்த்தான். உதடு கறுத்திருந்தது. "வே, இது பாட்டு இல்லவே! மனுசனுக்கு மூச்சு வாங்குது!" என்று அலறி, அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்ததும் மாஸ்டருக்கு மூச்சு கொஞ்சம் அடங்கியது. டாக்டரம்மா வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். ஒரு காதில் செல்போனைத் தோளால் இடுக்கிக்கொண்டு, இன்னொரு காதால் நோயாளிகளைக் கேட்பார். அன்றைக்குப் போனில் வந்த பேச்சு முக்கியமானதாக இருந்திருக்க வேண்டும்.

"இழுப்பு. வீசிங்" என்றார். நீல நிறத்தில், முழங்கை மாதிரி மடங்கிய சின்னக் குழாய் ஒன்றை மேசைமேல் வைத்தார். "இந்தாங்க. காலையில ரெண்டு பப், ராத்திரி ரெண்டு பப். ஒவ்வொரு பப் எடுத்ததும் பத்து எண்ற வரைக்கும் மூச்சை அடக்கணும். முடிச்சதும் வாயை நல்லாக் கொப்பளிச்சுத் துப்பிடணும். புரிஞ்சுதா?"

"சரி" என்றார்கள்.

வெளியே வந்ததும் கூடிப் பேசினார்கள். கூடிப் பேசாமல் எதையும் செய்வதில்லை என்பது செட்டின் சட்டம்.

"இந்தக் குழாய் எதுக்குவே?" என்று கேட்டான் தவசிமுத்து.

பிச்சுமணி அதை வாங்கி வாயில் வைத்து ஊதிப் பார்த்தான். "சத்தமே வரல. நாம பேண்டு செட்டுன்னு தெரிஞ்சு பிரியமாக் கொடுத்திருக்காவ. ஆனா ஓட்டை வாத்தியம். அவியளுக்கு என்ன தெரியும், பாவம்."

குழாய் வாத்தியப் பெட்டிக்குள் போனது.

"மருந்துதான் பப்பு. அது எங்க கிடைக்கும்?" என்றான் தவசிமுத்து.

லூர்துராசு படித்தவன். ஒன்பதாம் வகுப்பில் கொஞ்ச காலம் இருந்தவன். "பப்ஸ்னா நிறைய. பப்னா ஒண்ணு. ரெண்டு பப்னா ரெண்டு பப்ஸ். பேக்கரியில சுடச்சுட இருக்கும்."

"முட்டையா, காய்கறியா?"

எல்லோரும் யோசனையில் ஆழ்ந்தார்கள். "டாக்டரம்மா சொல்லலையே" என்றார் மாஸ்டர் பலவீனமாக.

"சொல்லலைன்னா நோயாளி இஷ்டம்" என்று தீர்ப்புச் சொன்னான் லூர்துராசு.

மாஸ்டருக்கு முட்டை இஷ்டம்.

மறுநாள் காலையில் வைத்தியம் தொடங்கியது. மாஸ்டர் முதல் பப்ஸை வாய்க்குள் வைத்ததும் தவசிமுத்து அவர் மூக்கை இறுகப் பிடித்தான். "அடக்குங்க மாஸ்டர். ஒண்ணு... ரெண்டு..." மாஸ்டர் மெல்லவும் வேண்டும், விழுங்கவும் வேண்டும், மூச்சும் விடக் கூடாது. ஏழு வரும்போது அவர் கண் பிதுங்கியது. எட்டில் பப்ஸின் மேல் அடுக்கு முழுவதும் தூளாகத் தொண்டைக்குள் இறங்கியது. அவர் இருமிய இருமலில் எதிரே இருந்த லூர்துராசு வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டான்.

"ஒன்பதும் பத்தும் பாக்கி இருக்கு" என்றான் தவசிமுத்து கண்டிப்பாக. அவனுக்கும் மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் மருந்து என்றால் கசக்கும்தானே!

"இப்பக் கொப்பளிச்சுத் துப்பணும்" என்று ஞாபகப்படுத்தினான் பிச்சுமணி.

"தின்னதையேவா?"

"வாயில உள்ளதைத்தான் சொன்னாவ. வயித்துக்குள்ள போனது அவிய பொறுப்பு."

இப்படியே நாட்கள் போயின. மாஸ்டரின் கோட்டுப் பொத்தான் மூடாத அளவுக்குத் தொப்பை வந்தது. இழுப்பு மட்டும் இறங்கவில்லை. மாடிப்படியைப் பார்த்தாலே விசிலடித்தார். மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "பப் ஒழுங்கா எடுத்தாரா?" என்று கேட்டார்.

"தவறாம எடுத்தாரும்மா" என்றான் தவசிமுத்து. "ஒருநாள் மட்டும் முட்டை தீந்துபோச்சு. காய்கறி எடுத்தோம்."

"மூச்சை அடக்கினாரா?"

"நான்தான் மூக்கைப் பிடிச்சேன்."

"குட். கொப்பளிச்சாரா?"

"ஊரே பாத்துச்சு."

டாக்டரம்மாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. சரியாக எடுத்தும் கேட்கவில்லை என்றால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். "அப்போ நெபுலைசர்தான்" என்று சொல்லி, ஒரு பெட்டியை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். சோற்றுப் பானை அளவுக்கு ஒரு வெள்ளை மெஷின், ஒரு நீளக் குழாய், அதன் நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு முகமூடி, மருந்துக் குப்பிகள்.

"இந்தக் கிண்ணத்துல மருந்தை ஊத்தி, மாஸ்க்கை மாட்டி, சுவிட்சைப் போடுங்க. மருந்து புகையா வரும். வரும்போது நல்லா ஆழமா இழுக்கணும், மெதுவா விடணும். மருந்து தீர்ற வரைக்கும் இழுக்கணும். தெரியுதா? அப்புறம் ஒரு விஷயம். பீடிப் புகை, அடுப்புப் புகை, ஊதுபத்திப் புகை... எந்தப் புகையா இருந்தாலும் சரி, அது பக்கம் இவர் தலை வச்சும் படுக்கக் கூடாது!"

"சரி" என்றார்கள்.

அன்று சாயங்காலம் ஒத்திகை பார்க்கும் ஷெட்டில் மெஷினை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். இதைவிடச் சிக்கலான விஷயம் செட்டின் முன்னால் வந்ததே இல்லை.

"மருந்து புகையா வரும்னாவ" என்றான் லூர்துராசு. "எந்தப் புகைப் பக்கமும் தலை வச்சுப் படுக்கக் கூடாதுன்னும் சொன்னாவ. ரெண்டையும் எப்படிச் செய்ய?"

"மாஸ்டர் படுக்காம நின்னா?" என்று கேட்டான் தவசிமுத்து.

"அவரால நிக்க முடிஞ்சா நாம ஏன்வே ஆஸ்பத்திரிக்குப் போறோம்?"

மூவரும் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மாஸ்டர் மட்டும் ஙீ என்றார். அப்போது பிச்சுமணியின் முகம் மலர்ந்தது.

"தலை வச்சுத்தானே படுக்கக் கூடாது? கால் வச்சுப் படுக்கலாம்லா?"

எல்லோரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு இவன் கிளாரினெட் ஊதிக்கொண்டிருக்கிறானே என்று தவசிமுத்துவுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மாஸ்டரைப் பாயில் கிடத்தினார்கள். தலை அந்தப் பக்கம், கால் மெஷின் பக்கம். முகமூடியை அவருடைய வலது பாதத்தில் கச்சிதமாக மாட்டி, ரப்பர் நாடாவைக் குதிகாலில் இழுத்து விட்டார்கள். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"மாஸ்க்கு ஒண்ணுதானே கொடுத்திருக்காவ? இடது காலுக்கு?" என்று கேட்டான் தவசிமுத்து.

"ரெண்டும் ஒரே உடம்புதான், போய்ச் சேந்துரும்."

சுவிட்சைப் போட்டார்கள். மெஷின் கடகடவென்று உறுமியது. முகமூடிக்குள் வெள்ளைப் புகை கிளம்பி, மாஸ்டரின் கால்விரல்களைச் சூழ்ந்தது.

"வருது, வருது! இழுவே தவசி!" என்று கத்தினான் லூர்துராசு. "நல்லா ஆழமா இழுக்கணும்னாவ!"

தவசிமுத்து காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். மாஸ்டர் பாயோடு சேர்ந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டார்.

"மெதுவா விடணும்! மெதுவா விடு!"

மெதுவாக விட்டான். மறுபடி இழுத்தான். இரண்டாவது இழுப்பிலிருந்து லூர்துராசு மாஸ்டரின் கக்கத்தில் கை கொடுத்து அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டான். மருந்து தீரும்வரை இழுத்தார்கள். செட்டில் இருந்த யாரும் அதற்கு முன்னால் ஒரு வேலையை அவ்வளவு சிரத்தையாகச் செய்ததில்லை.

"எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று கேட்டான் தவசிமுத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"காலு... குளுகுளுன்னு... இருக்கு" என்றார் மாஸ்டர். "நெஞ்சுதான்..."

"கால்வழியாத்தானே ஏறணும்? நெஞ்சுக்கு வர நேரம் ஆகும். இப்ப எங்க வருது, முழங்கால் வந்துட்டா?"

மாஸ்டர் கண்ணை மூடி யோசித்தார். "வர்ற மாதிரி இருக்கு" என்றார். டாக்டரைக்கூட நம்பாமல் இருக்கலாம், தன் செட்டை நம்பாமல் இருக்க அவரால் முடியாது.

அதற்குப் பிறகு தினமும் மருந்து எங்கே வந்திருக்கிறது என்று விசாரித்தார்கள். ஒருநாள் தொடைக்கு வந்தது. ஒருநாள் இடுப்பில் தங்கிவிட்டது. வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டதாக மாஸ்டர் சொன்னார். நடக்கும்போது படகு மாதிரி ஆடினார். தவசிமுத்து வெளியில் தைரியமாகத்தான் இருந்தான். ஆனால் வீட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருப்பான். கல்யாணத்துக்குள் மருந்து நெஞ்சுக்கு வந்து சேராவிட்டால் என்ன செய்வது? யார் தோளைப் பார்த்து அடிப்பது?

மாப்பிள்ளை அழைப்பு நாளும் வந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் பூ அலங்காரம் செய்த திறந்த கார். அதற்குள் மாப்பிள்ளை, கழுத்தே தெரியாத மாலையோடு. டியூப் லைட்டுகளுக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையை எதிர்கொள்ளச் சேர்மக்கனி பட்டு வேட்டியோடு மண்டப வாசலில் நின்றார். பேண்டு சத்தம் கேட்டால்தான் ஆரத்தியைக் கரைப்பது என்று பெண்கள் காத்திருந்தார்கள்.

மாஸ்டர் டிரம்பெட்டை வாயில் வைத்தார். காற்று உள்ளே போகவே இல்லை, அப்புறம் எங்கே வெளியே வர? சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. இந்தத் தடவை விசில்கூட வரவில்லை.

"மெஷினை எடு!" என்று கூவினான் தவசிமுத்து. நாலு பேரும் போகிற இடமெல்லாம் வைத்தியமும் கூடவே போனதால், மெஷின் செட்டின் வேனிலேயே இருந்தது. ஜெனரேட்டரில் சொருகினார்கள். மாஸ்டரைத் தரையில் கிடத்தி, பூட்ஸைக் கழற்றி, முகமூடியைக் காலில் மாட்டினார்கள். தவசிமுத்து கண்ணீர் வழிய வழிய இழுத்தான். "நெஞ்சு வரைக்கும் வந்துரு சாமி, நெஞ்சு வரைக்கும் வந்துரு!"

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் பியூலா சிஸ்டர், கல்யாண வீட்டுக்கு வந்தவர், பட்டுச் சேலையும் பூவுமாக அந்த வழியாக நடந்தார். கூட்டத்தை விலக்கிப் பார்த்தார். ஒரு கணம் அவருக்கே மூச்சு நின்றது.

"ஏ கிறுக்குப் பயலுவளா! என்னல செய்யுதிய?"

"வைத்தியம், சிஸ்டர்" என்றான் லூர்துராசு. "தலை வைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மாதான்..."

சிஸ்டர் மிச்சத்தைக் கேட்கவில்லை. தவசிமுத்துவைக் கையால் தள்ளிவிட்டு, முகமூடியைக் காலிலிருந்து பிடுங்கி, கோயில் குழாயில் கழுவி உதறினார். மாஸ்டரைச் சுவரில் சாய்த்து நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கும் வாயும் மூடும்படி மாட்டினார். புதுக் குப்பியை உடைத்து ஊற்றினார். "அண்ணே, வாயால மூச்சை உள்ள இழுங்க. மூச்சை இழுங்க. காலை இல்ல! ம்... மெதுவா விடுங்க. இன்னொருக்க."

புகை உள்ளே போனது. மாஸ்டரின் மார்பு ஏறியது, இறங்கியது. முதலில் குதித்த தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தன. உதட்டில் கறுப்பு மறைந்தது. கிண்ணம் சிடுசிடுவென்று காய்ந்து புகை நின்றபோது, மாஸ்டர் முகமூடியைக் கழற்றி, "நேரா நெஞ்சுக்கே வந்துட்டு தவசி!" என்றார் ஆச்சரியத்தோடு. இவ்வளவு குறுக்கு வழி ஒன்று இருப்பது இத்தனை நாளும் யாருக்கும் தோன்றவில்லை.

தவசிமுத்து சிஸ்டர் காலில் விழுந்தான். அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்திடம் கால் கொடுப்பது நல்லதல்ல என்று அவருக்கு அதற்குள் புரிந்திருந்தது.

"இனிமே இப்படித்தான் செய்யணும். நல்ல மருந்து, ஒரு துளி வீணாக்கக் கூடாது, கேட்டியளா?" என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் பந்திக்கு நடந்தார்.

"சரி" என்றார்கள்.

மாஸ்டர் எழுந்து டிரம்பெட்டைத் தூக்கினார். ஊதினார் பாருங்கள்! கோயில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் கிளம்பிவிட்டன. பிச்சுமணி சேர்ந்துகொண்டான், லூர்துராசு உருட்டினான். தவசிமுத்து மாஸ்டரின் தோளைப் பார்த்து அடித்தான். ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. மாப்பிள்ளை கார் மெல்ல நகர்ந்தது.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. தவசிமுத்து அடிப்பதை நிறுத்தினான்.

"வே, நில்லுங்க! ஒரு தப்பு நடக்குது."

எல்லோரும் நின்றார்கள். கார் டிரைவருக்கு இது தெரியாது. அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

"மருந்து எங்க போச்சு?" என்று கேட்டான் தவசிமுத்து.

"மாஸ்டர் நெஞ்சுக்குள்ள."

"மாஸ்டர் இப்ப நெஞ்சுல உள்ளதை என்ன செய்யுதாரு?"

லூர்துராசுவின் கையிலிருந்து குச்சி நழுவியது. "ஊதுதாரு!"

"எதுவழியா?"

மூவரும் டிரம்பெட்டின் அகன்ற வாயைத் திகிலோடு பார்த்தார்கள். அவ்வளவு பெரிய வாய். அதன் வழியாக, ஒரு துளி வீணாக்கக் கூடாத மருந்து, யாருக்கும் பிரயோஜனமில்லாமல் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஊதாம இருக்கட்டுமா?" என்றார் மாஸ்டர் குற்ற உணர்வோடு.

"வாசிக்கோம்னு ஒத்துக்கிட்டோமே. சொன்னதைச் செய்யணும்லா? நீங்க ஊதுங்க. வீணாகாம நான் பாத்துக்கிடுதேன்" என்றான் தவசிமுத்து. கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: "இங்க யாருக்கெல்லாம் இழுப்பு இருக்கு?"

சரிப்பட்டியில் நெல்லுத் தூசியும் செங்கல் சூளையும் உண்டு. மாப்பிள்ளையின் தாய்மாமா முதலில் கை தூக்கினார். தவசிமுத்து அவரை டிரம்பெட்டின் முன்னால் கொண்டு போய் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொன்னான். மாஸ்டர் ஒரு பல்லவி ஊதினார். தாய்மாமாவின் மீசை பின்னுக்குப் பறந்தது. "அடைப்பு எடுத்துட்டு!" என்றார் அவர், கண்ணில் நீர் முட்ட. அவ்வளவுதான். வாடகைப் பாத்திரக்காரர், சமையல்காரர், சேதி கேட்டு ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்த பெண்கள் என்று வரிசை பிள்ளையார் கோயிலைச் சுற்றி வளைந்தது. இழுப்பு இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். பிற்காலத்தில் இழுப்பு வந்தால் உதவுமே!

அதற்குள் மாப்பிள்ளை சத்தமில்லாமல் மண்டப வாசலில் போய் இறங்கி, அங்கே ஆரத்தி எடுக்க ஒரு ஆளும் இல்லாமல், தானே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

சேர்மக்கனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோபமாக ஓடிவந்தார்.

"ஏவே! மாப்பிள்ளை வந்து சேந்தாச்சு! இங்க நின்னு யாருக்குவே வாசிக்கிய?"

"கத்தாதிய அண்ணாச்சி, மூச்சு வாங்குதுல்லா" என்றான் தவசிமுத்து பரிவோடு. விஷயத்தை விளக்கமாகச் சொன்னான். சேர்மக்கனிக்கு உண்மையிலேயே மூச்சு வாங்கியது. ஆலைத் தவிடு அவரையும் விட்டுவைத்திருக்கவில்லை. ஒரு நிமிஷம் மண்டபத்தைப் பார்த்தார், ஒரு நிமிஷம் வரிசையைப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவர் என்பதால் முன்னால் வழிவிட்டார்கள். போய் நின்று, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்தார்.

மாஸ்டர் மூச்சை இழுத்தார். ஊதப் போகும் நேரத்தில் தவசிமுத்து பதறிப் போய்க் கையைக் குறுக்கே நீட்டினான்.

"அண்ணாச்சி, காதைப் பொத்திக்கிடுங்க! பாதி அந்த வழியாப் போயிருது!"